ஆதாரம் இல்லாத ஒரு வரி

புனிதவதி தன் நாவலை எழுதியது ரொறன்ரோவை அடுத்த பிறம்ரனில், ஒரு வெயார்ஹவுஸின் சாப்பாட்டு அறையில். விடிய ஐந்தேகாலுக்கு வோபர்னில் வேலைக்குப் போகும் வானில் ஏறுவாள். மூன்றரை வரைக்கும் பெட்டிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டும் வேலை. நடுவில் கிடைக்கும் முப்பது நிமிடத்தில் பத்து நிமிடம் சாப்பாடு, இருபது நிமிடம் எழுத்து. இப்படியே நாலு வருடம் ஓடிற்று.

கதை இரண்டாயிரத்து நானூறு வருடங்களுக்கு முந்தியது. கருங்கடலுக்கு வடக்கே, குதிரையும் வண்டியுமாகப் புல் தேடி அலைந்த நாடோடிக் கூட்டம். அந்தக் கூட்டத்துப் பெண்கள் சிலரை வில்லோடும் அம்போடும் புதைத்திருந்தார்கள். தோண்டியவர்கள் ஆயுதத்தைக் கண்டதும் ஆண் என்றே வெகுகாலம் குறித்துவைத்தார்கள். எலும்பைச் சோதித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. நூலகத்தில் இதை வாசித்த அன்றே அவள் ஒரு குறிப்புக் கொப்பி வாங்கினாள். 2009 வரை தானும் ஊரில் இயக்கத்தில் போராளியாக இருந்ததை அவள் ரொறன்ரோவில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

மோர்னிங்சைட்டில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வாசகர் வட்டம் கூடும். அவள் அங்கே ஒவ்வோர் அத்தியாயமாக வாசித்து வந்தாள். 2023 ஒக்ரோபர் 14, பிற்பகல் இரண்டு மணி. ஏழு பேர் வந்திருந்தார்கள்.

“பிள்ளை, கால் வைக்கிற அங்கவடியை எடுத்திட்டீரோ? அந்தக் காலத்திலை குதிரைக்கு உது இல்லை,” என்றார் இராஜரட்ணம். ஊரில் நில அளவையாளராக இருந்தவர். ஒரு முழம் பிசகினாலும் பொறுக்கமாட்டார்.

“எடுத்திட்டன் அங்கிள். இப்ப எல்லாரும் தொடையை இறுக்கிக்கொண்டுதான் ஓடினம்.”

“அதுகள் விழாதுகள். அண்ணை விழுத்தாமல் விட்டாச் சரி,” என்றார் வேரோனிக்கா அன்ரி. எல்லோரும் சிரித்தார்கள்.

பதினோராம் அத்தியாயம். எதிரி வளைத்துவிட்டான். கூட்டம் பட்டினி. ஓரிதை என்ற போராளிப் பெண் தன் பங்கு இறைச்சியில் முதல் துண்டைக் கிள்ளி, குளிர்கால முகாமில் விட்டுவந்த நாய்க்கென்று தரையில் வைக்கிறாள்.

“உதுக்கு என்ன ஆதாரம்? பசியிலை கிடக்கிற சனம் இறைச்சியை மண்ணிலை வைக்குமே?” இராஜரட்ணம் தன் பிரதியில் பென்சிலால் கேள்விக்குறி போட்டார்.

புனிதவதி குறிப்புக் கொப்பியைப் புரட்டினாள். அதில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

“அது நாயில்லை, பூனை,” என்றார் வேரோனிக்கா. “சூட்டிக்கு எண்டு சொல்லித்தானே வைப்பாள்?”

சூட்டி என்ற பெயர் நாவலில் எங்கும் இல்லை.

வேரோனிக்கா 2006இல் மகனிடம் வந்தவர். அதற்கு முதல் வருடம் இயக்கத்துக்குப் போன மகள் யூஜினியைப் பற்றி 2009க்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தேவாலயத்தில் ஆண்டுப் பூசைக்கு இறந்த நாள் வேண்டும். நாள் தெரியாததால் அவர் பெயர் கொடுத்ததே இல்லை. புனிதவதி அந்தப் பிள்ளையை, பட்டினியிலும் முதல் பிடியை வீட்டுப் பூனைக்கென்று தரையில் வைத்தவளை, இசைமதி என்றுதான் அறிந்திருந்தாள். இயக்கத்தில் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். இருவரும் இருந்தார்கள்.

“என்ன நாள், பிள்ளை?”

“ஏப்ரல் நாலு. சனிக்கிழமை. காலமை பத்து மணி இருக்கும்.”

“குருத்து ஞாயிறுக்கு முதல் நாள்.” வேரோனிக்கா தன் பிரதியின் மூலையை மடித்தார். “அண்டைக்கு நான் கோயிலிலை குருத்தோலை மடிச்சுக்கொண்டிருந்தனான். பகிடி விட்டுச் சிரிச்சு... நீ பக்கத்திலை இருந்தனியோ?”

புனிதவதியின் பையில் கடைசி அத்தியாயம் இருந்தது, பன்னிரண்டு பக்கம். அதில் ஓரிதையின் தோழி கையாலேயே மண் அள்ளி அவளுக்குப் புதைமேடு கட்டுகிறாள். வலப்பக்கம் வில், இடப்பக்கம் வெண்கலக் கண்ணாடி. பதிலாக அதை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

“இல்லை அன்ரி. காலிலை காயம், அவளாலை நடக்க ஏலாது. பனை வடலிக்குப் பக்கத்திலை இருத்தி, தண்ணிப் போத்தலைக் குடுத்து, வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஓடினனான். பத்து நிமிசத்திலை அந்த வடலிக்காடு முழுக்க எரிஞ்சது. தூரத்திலை நிண்டு பார்த்தனான்.”

“அப்ப, தனியத்தான்.”

“ஓம்.”

வேரோனிக்கா கோட்டின் பொத்தான்களைப் பூட்டினார். ஒன்று மாறிப்போக, எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து பூட்டினார்.

“கடைசியிலை என்ன எழுதியிருக்கிறாய்?”

“அவளைப் புதைக்கிறன்.”

“செய்யாததை எழுதாதை, பிள்ளை.”

2024 ஏப்ரல் 4, வியாழக்கிழமை, மாலைப் பூசை. யூஜினியின் பெயரும் பதினைந்தாம் ஆண்டு நினைவும் முதல்முறையாக வாசிக்கப்பட்டன. புனிதவதி வேலைச் சப்பாத்தோடு கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். பூசை முடிந்து வேரோனிக்கா அவளைக் கடந்து போனார். பார்த்தார், நிற்கவில்லை. வாசகர் வட்டத்துக்கும் அவர் பிறகு வரவில்லை.

இராஜரட்ணம் அந்தக் கேள்விக்குறியை அழித்துவிட்டார். பன்னிரண்டு பக்கங்களையும் புனிதவதி கிழித்தாள். இப்போது நாவல் முடிகிற இடத்தில் தோழி ஓரிதையின் கையில் தண்ணீர்த் தோற்பையைக் கொடுக்கிறாள். வருகிறேன் என்கிறாள். குதிரை ஏறுகிறாள்.