முக்கால்வாசி மீன்

பாம்பனில் நான் வாத்தியாராகச் சேர்ந்தபோது, மாதா கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவருக்கும் என் வயதுதான். ஒல்லியானவர். விரிக்காத குடை ஒன்று எப்போதும் கக்கத்தில் இருக்கும். யார் என்ன கேட்டாலும் குடையைக் கை மாற்றிக்கொண்டுதான் பதில் சொல்வார்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசுகால வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒரு மீனவரின் வலையில் ஆமை மட்டுமே சிக்கியது. அன்று இறைச்சி ஆகாது, மீன் ஆகும். ஆமை இறைச்சி என்றாகிவிட்டால் ஊரில் யாரும் வாங்கமாட்டார்கள். அவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆமையைத் தூக்கிக்கொண்டு, இது மீனா இறைச்சியா என்று கேட்டு உபதேசியாரிடம் வந்து நின்றார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். தர்க்கம் படித்த மிதப்பில் குறுக்கே புகுந்தேன்.

"மீனுன்னா செதில் இருக்கணும், முட்டை போடணும், காலு இருக்கக் கூடாது. இது மீனில்ல."

மீனவரின் முகம் செத்துவிட்டது. உபதேசியார் குடையைக் கை மாற்றினார்.

"திருக்கைக்குச் செதில் எங்க சார் இருக்கு? சுறா குட்டில்ல போடுது? இறாலுக்குக் காலு இல்லியா? போன வெள்ளிக்கிழமை ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னீகளே!"

மீனவர் சிரித்துவிட்டார்.

"அப்ப மீனுன்னா என்னதான்?" என்றேன்.

"சொல்லத் தெரியல சார். பாத்தாத் தெரியும்." குனிந்து ஆமையைப் பார்த்தார். "துடுப்புப் போட்டு நீந்துது. முக்காவாசி மீனுதான். கொண்டுபோய் வில்லுங்கண்ணே."

மதியம் என் தட்டில் ஆமைக் குழம்பு. அவர் முன்னால் கஞ்சியும் துவையலும் மட்டும் இருந்தன.

"நீங்க சாப்பிடலியா?"

"மிச்சம் கால்வாசி இருக்குல்ல சார்?"

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை கேட்க எனக்குத்தான் வாய் வரவில்லை.