வெட்டு விழுந்த முகம்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சேர்ப்பது பழைய அச்சுகள். பண நோட்டில் வரும் படத்தை முதலில் ஒருவர் எஃகுத் துண்டில் கையால் செதுக்குவார். அந்தத் துண்டுதான் அச்சு. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. எந்த நாட்டிலோ ஓர் அச்சகத்தை மூடுவார்கள். அதன் மிச்சம் கப்பலில் ஏறி, பழைய இரும்போடு இரும்பாக எங்கள் துறைமுகத்தில் வந்து இறங்கும். நான் வேலை பார்ப்பது இறக்குமதிச் சரக்குக்குக் காகிதம் தயாரிக்கும் அலுவலகத்தில். மற்ற பெண்கள் சனிக்கிழமை மதியம் வண்ணாரப்பேட்டைக்குப் புடவை பார்க்கப் போனால், நான் தண்டையார்பேட்டை இரும்புக்கடைக்குப் போவேன். பைத்தியம் என்று பெயர் வாங்கி ரொம்ப நாளாகிறது.

அந்த அச்சு கிடைத்ததும் அங்கேதான். "உனுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிகீறேம்மா. மூஞ்சி மாதிரி இன்னாமோ கீது" என்றார் கடைக்கார பாய். கிரீஸைத் துடைத்துவிட்டு, கைப்பையில் இருந்த முகப்பவுடரைத் தூவி, விரலால் தேய்த்து, மேலே நின்றதை ஊதிவிட்டேன். கோடுகளுக்குள் இறங்கிய பவுடர் மட்டும் வெள்ளையாகத் தங்கியது. ஒரு பெண்ணின் முகம் எழுந்து வந்தது. தலையில் முக்காடு, தோளுக்குப் பின்னால் பாய்மரங்கள். கன்னத்து நிழல் முழுக்கத் தலைமுடியை விட மெல்லிய கோடுகள். நெற்றியிலிருந்து தாடை வரை குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு.

"எவனோ கலீஜ் பண்ணிட்டான்" என்று பாய் முகம் சுளித்தார்.

எனக்கோ அந்த வெட்டைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்தது. அச்சை வெளியே தள்ளும் முன் அச்சகத்தாரே அப்படிக் குறுக்கே வெட்டிவிடுவார்கள். இனி இதை வைத்து யாரும் நோட்டு அடிக்க முடியாது என்பதற்கு அதுதான் சாட்சி. வெட்டு இல்லாமல் அதை வீட்டில் வைத்திருந்தால் கள்ளநோட்டு கேஸில் உள்ளே போக வேண்டியதுதான். இந்த விவரத்தைப் பாயிடம் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், வீட்டில் சோறு போடும்போதெல்லாம் சொன்னேன்.

அடுத்து வந்தது கண்காட்சி. நகரத்தின் தென்கோடியில், குளுகுளு மண்டபத்தில், பழைய நோட்டு சேர்ப்பவர்கள் நடத்துவது. இந்த முறை எனக்கும் ஒரு மேசை தருவதாகச் சொன்னார்கள். என் சேகரிப்பை நாலு பேர் பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை. அந்த முகத்தை நடுவில் வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பேசி முடிக்கப் போனபோது கணவரும் கூட வந்தார். பொறுப்பாளர் என் விலாசத்தைப் பார்த்தார்.

"ராயபுரமா? ஹார்பர்ல இருந்து எடுத்ததா? போலீஸ் பிரச்சினை எதுவும் வராதே?"

எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பெட்டி நிறைய நோட்டு கொண்டுவந்திருந்தார். எங்கிருந்து வந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவர் விலாசம் அப்படி. பல்லைக் கடித்துக்கொண்டு, கைபேசியில் படத்தைக் காட்டி, வெட்டு எதற்கு என்று விளக்கினேன். பொறுப்பாளர் பாதியிலேயே கையை ஆட்டினார்.

"அதெல்லாம் சரிம்மா. மேசை நடுவுல இவ்வளவு பெரிய கீறலோட ஒரு பொருளை எப்படி வைக்கிறது? அசிங்கமா இருக்கே. கீறல் இல்லாம இருந்தா கொண்டுவாங்க."

நோட்டில் ஒரு மடிப்பு விழுந்தாலே மட்டம் என்கிற ஆட்கள் அவர்கள். நான் கத்தப்போனேன். கணவர் என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். பஸ்ஸில் பாரிமுனை வரும் வரை திட்டித் தீர்த்தேன்.

கணவர் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் கிரைண்டிங் மெஷின் ஓட்டுகிறார். ஆயுத பூசைக்கு அங்கே ஒரு வழக்கம். ஸ்பானர் முதல் மெஷின் வரை துரு போகத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் வைத்துத்தான் சாமி முன்னால் வைப்பார்கள். கறையோடு எதையும் வைக்க மாட்டார்கள். பூசையன்று சாயங்காலம் பொரி, கடலையோடு வீட்டுக்கு வந்தவர் புது மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை என் கையில் வைத்தார்.

"பிரிச்சுப் பாரும்மே."

என் அச்சு. அலமாரியிலிருந்து எப்போது எடுத்தாரோ தெரியாது. கண்ணாடி மாதிரி மின்னியது. நடுவில் குங்குமப் பொட்டு.

"கீறல்னு சொன்னான்ல அந்தாளு. நானே மெஷின்ல போட்டேன். அந்த வெட்டு மட்டும் ரொம்ப ஆழம்மே, போவ மாட்டேங்குது. லீவு முடிஞ்சதும் இன்னும் ரெண்டு தபா போட்டா சுத்தமா போயிடும்."

பவுடர் டப்பாவை எடுத்துத் தூவி, தேய்த்து, ஊதினேன். முகம் வரவில்லை. முக்காடு இல்லை, பாய்மரம் இல்லை. மெல்லிய கோடுகள் அத்தனையும் மெஷினில் முதலில் போய்விட்டன. குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது.

"இன்னாமே, மூஞ்சி எங்க?" என்றார் அவர். சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மேல் கோபம் வராமல் இல்லை. வந்தது, வாய்க்கு வந்தபடி திட்டினேன், பூசைப் பொரியைத் தொடவில்லை. ஆனால் என்னை ஒருவன் அவமானப்படுத்திவிட்டான் என்றுதானே இந்த மனுஷன் இதைச் செய்தார். எவனோ ஒருத்தன் நுனிநாக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்காக, யாரோ மாதக்கணக்கில் குனிந்து செதுக்கிய ஒரு முகம் போயிற்று. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கண்காட்சிக்குப் போனேன். அந்த எஃகுத் துண்டை என் மேசையின் நடுவில், அதே மஞ்சள் துணியின் மேல் வைத்தேன். கணவர் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார். பொறுப்பாளர் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது? இதுல அந்தக் கீறலைத் தவிர ஒண்ணுமே இல்லையே."

"ஆமா சார். நீங்க வேணாம்னு சொன்னது மட்டும்தான் மிச்சம். நல்லா பாருங்க" என்றேன்.