நசீபா மலையேறாத நாள்

சேந்தமங்கலத்தில் நசீபா பஸ் ஏறினால், கண்டக்டர் டிக்கெட்டுக்கு முன்னால் ஒரு பாலிதீன் பையைத்தான் நீட்டுவார். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பதைத் தாண்டுவதற்குள் குடித்த காப்பி வெளியே வந்துவிடும். அவள் வயிறு அந்த ரகம், என்ன செய்வது? ஆனாலும் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஏறித்தான் ஆகவேண்டியிருந்தது. எல்லாம் ஒரு கம்ப்யூட்டரால் வந்த வினை.

செம்மேட்டில் மலை விவசாயிகளுக்கென்று ஒரு மிளகுக் கொள்முதல் நிலையம். அதற்கு அரியூர் நாடு, எடப்புளி நாடு, தேவனூர் நாடு என்று மூன்று இடத்தில் எடைக் கொட்டகை (மலையில் ஊர்க்கூட்டத்துக்கு நாடு என்று பெயர்). மூட்டையைத் தராசில் ஏற்றினால், எடை ஆன்டெனா வழியாகச் செம்மேட்டில் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அந்த சர்வருக்குள் லிஸ்னர் என்று ஒன்று உண்டு. சாப்பாட்டுக் கடை வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று ஆளை உள்ளே கூப்பிடுகிறவனின் வேலைதான் அதற்கும். அது தூங்கிவிட்டால், உள்ளே எல்லாம் தயாராக இருந்தும் ஒருவரும் நுழைய முடியாது.

மலையில் இடிக்கும் மழைக்கும் பஞ்சமா? இடி இடித்தால் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் அர்த்தனாரி எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். திரும்பப் போட்டால் சர்வர் விழிக்கும், லிஸ்னர் விழிக்காது. அதைப் பராமரிக்கும் நசீபாதான் போய்க் கட்டளை அடித்து எழுப்பவேண்டும். அர்த்தனாரியோ கீபோர்டைத் தொடவே மாட்டார். வீட்டிலிருந்தே எழுப்பலாமே என்பீர்கள். எழுப்பலாம், மலையில் இன்டர்நெட் இருந்தால். இடி இடித்த பிறகு அது இரண்டு நாளைக்கு எட்டிக்கூடப் பார்க்காது.

இப்படித்தான் தங்கை நௌஷீனின் நிச்சயத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது. மூட்டையோடு அறுபது பேர் நிற்கிறார்களாம். நசீபா பட்டுப்புடவையோடு பஸ் ஏறினாள். தாயில்லாத தங்கை, இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. "நிக்காஹ் அன்னிக்காவது பக்கத்துல இருப்பியாக்கா?" என்று அவள் கேட்டது நசீபாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது.

நிக்காஹுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. நசீபாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மலையேறி, சர்வர் எழும்போதே லிஸ்னரும் தானாக எழும்படி சர்வீஸ் என்று ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிப் போட்டாள். ஐந்து தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஐந்து தடவையும் டாண் டாண் என்று எழுந்தது. இனிமேல் யார் தயவும் வேண்டாம் என்று கீழே இறங்கினாள்.

மூன்றாம் நாள் போன். "ஏனுங்க மேடம், அது எந்திரிக்கலீங்க" என்றார் அர்த்தனாரி.

எழுபது வளைவு, பாலிதீன் பை, செம்மேடு. அணைத்துப் போட்டாள். சமர்த்தாக எழுந்தது! இறங்கினாள். நான்கு நாள் கழித்து மறுபடி போன், மறுபடி வளைவு. அவள் கை பட்டால் எழுகிறது, இல்லாவிட்டால் படுத்துக்கொள்கிறது. "உனக்கென்ன, என்னைப் பார்க்காம இருக்க முடியலையா சனியனே?" என்று சர்வரையே திட்டினாள். இறங்கி வந்தவளிடம் வீட்டுக்காரர் இலியாஸ், "அதுக்கும் ஒரு பட்டு எடுத்து நிக்காஹுக்குக் கூட்டிட்டு வந்துரு" என்று சிரித்தார். அவளுக்கு அழுகை வந்தது. மேலும் நான்கு நாளில் மூன்றாவது போன். நிக்காஹுக்கு இன்னும் ஏழே நாள்.

மூன்றாம் தடவை ஏறியபோது அவள் எதையும் தொடவில்லை. எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணா, நான் இல்லைன்னு நெனச்சுக்கங்க. தெனமும் எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க."

அர்த்தனாரி வெளியே போய்க் கைகால் கழுவிவந்தார். திருநீறு பூசினார். சூடம் ஏற்றி சர்வருக்கு மூன்று சுற்றுக் காட்டி, பயபக்தியோடு அதன் சுவிட்சைப் போட்டார். அடுத்து பிரிண்டர். அடுத்து தராசு. நிதானமாக நிலையத்தை ஒரு சுற்று வந்தார். கடைசியாக, சுவரில் ஆணியில் தொங்கிய சின்னப் பெட்டிக்கு மிச்சச் சூடத்தைக் காட்டி அதையும் போட்டார். ஆன்டெனாவுக்கும் சர்வருக்கும் நடுவே நெட்வொர்க்கைக் கொடுப்பதே அந்தப் பெட்டிதான்!

நசீபா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் எப்போதும் அந்தப் பெட்டியைத்தான் முதலில் போடுவாள். இங்கேயோ லிஸ்னர் எழுந்து நெட்வொர்க்கைத் தேடியிருக்கிறது, காணவில்லை, சரிதான் என்று படுத்துவிட்டது.

"ஏனுங்ண்ணா, அந்தச் சின்னதை மொதல்ல போட்டா என்ன?"

"அதெப்படிங்க மேடம்?" அர்த்தனாரி திகைத்துப்போனார். "எங்கூர் கோயில் நோம்பில பெரியவருக்கு வெத்தலபாக்கு குடுக்காம சின்னவனுக்குக் குடுத்தா மலையே சிரிக்குமுங்க. மூணு நாட்டுக் கணக்கையும் வச்சிருக்கறது இவருங்க. இவருக்குத்தானுங்க மொத மரியாதை."

சண்டை போடலாம். கெஞ்சினால் கேட்பார்கூட. ஆனால் நாளைக்கு மறந்துவிட்டால்? மனுஷனை மாற்றுவதைவிட மிஷினை மாற்றுவது லேசு என்று நசீபாவுக்குத் தோன்றியது. உட்கார்ந்து இரண்டு வரி சேர்த்தாள். நெட்வொர்க் வரும்வரை காத்திரு. விழுந்தால் பத்து விநாடி கழித்து மறுபடி எழுந்திரு. அவ்வளவுதான். அர்த்தனாரி மறுபடி கைகால் கழுவி, மறுபடி சூடம் காட்டி, தன் வரிசைப்படியே போட்டார். சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் எடப்புளி நாட்டுக் கொட்டகையில் எடை போடும் பாப்பாத்தி போனில் கத்தினாள்: "மூட்டை எடை ஏறிருச்சுங்கோ!"

ஆனாலும் பயம் போகுமா? நிக்காஹ் அன்று காலையிலிருந்தே மலைப்பக்கம் கும்மென்று இருண்டிருந்தது. மணமகள் அறையில் நௌஷீனின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையில் தங்கையின் மருதாணிக் கையையும் இன்னொரு கையில் போனையும் பிடித்திருந்தாள். தூரத்தில் இடி உருண்டது. போன் அடிக்கவில்லை. தங்கையிடம் சம்மதம் கேட்டுப் போனார்கள், கையெழுத்து வாங்கினார்கள், துஆ ஓதி முடிந்தது. போன் அடிக்கவேயில்லை. செத்துக்கித்துப் போய்விட்டதோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொறுக்கமுடியாமல் கடைசியில் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணா, கரண்ட் போச்சுங்களா?"

"விடிஞ்சதுல இருந்து மூணு தடவ புடுங்கிப் போட்டாச்சுங்க. லோடு ஏத்திட்டிருக்கோமுங்க."

"என்னைக் கூப்பிடவே இல்லையே?"

"அட, உங்க நெனப்பே வரலீங்க மேடம்!" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நசீபா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "என்னக்கா, கிளம்பணுமா?" என்று நௌஷீன் பதறினாள்.

"இல்ல கண்ணு. என்னை யாரும் தேடல" என்று போனை அணைத்து இலியாஸிடம் கொடுத்துவிட்டு, தங்கையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.