காப்புக் கட்டிய அணி

பதினொரு பேரைத் திரட்டுகிறவனுக்குத்தான், ஐந்து பேரோடு வேலையை முடித்துக்கொள்கிறவன் மேல் எவ்வளவு வயிறு எரியும் என்பது தெரியும். எனக்கு எரிந்தது. அதிலும் அந்த ஐந்து பேர்க்காரன் என் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. வெளியே சொல்லவும் முடியவில்லை, மென்று விழுங்கவும் முடியவில்லை.

பர்மாவில், போட்டாதாங் படகுத்துறைக் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள எங்கள் தெருக்களுக்கென்று ஒரு கால்பந்து அணியை நடத்திவந்தேன். பகலில் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்க்கும் வேலை. மற்ற நேரமெல்லாம் அணிதான். எங்கள் வட்டார லீக்கில் தமிழர்கள் அணி என்று இருந்தது அது ஒன்றுதான். ஆனால் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம். ஒரு கோல் கீப்பரைப் பழக்கி நிமிர்ந்தால், அவன் பினாங்கிலிருந்து போட்டோ அனுப்புவான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மைத்துனன் ஃபுட்சால் என்று, பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் குட்டிக் கால்பந்தை ஆரம்பித்தான். அவனுக்கு ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தன்லியின் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை. அங்கே கூரை போட்ட சின்ன மைதானம் ஒன்று வந்திருந்தது. பச்சைப் பாய், ஜெனரேட்டர் விளக்கு, உட்கார்ந்து பார்க்கப் படிக்கட்டு, குடிக்கக் குளிர்ந்த கரும்புச்சாறு. அதை நடத்துகிறவர்களுக்கு ஒரு தமிழ் அணி தேவைப்பட்டது. தன்லியினிலும் நம் ஆட்கள் நிறைய. தமிழ் அணி ஆடினால் குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் எங்கள் லீக் செயலாளரும் அதே கணக்குத்தான் போட்டிருந்தார். எங்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் கூட்டிவரச் சொல்லி என்னைப் பார்க்கும்போதெல்லாம் நச்சரிப்பார். நான் எங்கே போவேன் கூட்டத்துக்கு? வெயிலில் வெடித்துக் கிடக்கும் தரை, கோல் கம்பத்துக்கு வலை கிடையாது. என் ஆட்டத்துக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் மாடு ஓட்டிக்கொண்டு குறுக்கே போகிறவர்கள்.

என் அணியில் பதின்மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள். அதில் எட்டுப் பேரை மைத்துனன் சனிக்கிழமைகளில் அக்கரைக்கு அழைத்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஆட வரும்போது அவர்கள் முகத்தில் கல்யாண வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் பழையசோற்றுக்கு வந்து உட்கார்ந்த களை தெரியும். எட்டுப் பேருக்கும் அவன் கொடுத்த ஆரஞ்சு நிறச் சட்டை. முதுகில் பெயர் வேறு. என் பையன்களின் சட்டையில் எண்ணே பாதி அழிந்திருந்தது.

"ஆனாதே மச்சான்," என்றான் ஒரு நாள் வீட்டுக்கு வந்து. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுத்துவிட்டோமே என்று பர்மியர்கள் கூசிச் சொல்லும் வார்த்தை அது. இந்த ஊரில் அதைச் சொல்லிவிட்டால், கேட்டவன் மேற்கொண்டு கோபப்படக் கூடாது. "உங்க பசங்களத்தான் கூப்பிடுறேன். ஆனா உங்க ஆட்டத்துக்குக் கொறையில்லாம அனுப்பிடுறேன்ல?"

"நீ அனுப்புறியா? ஏன் மாப்ளே, அவங்க என்ன ஒன் வீட்டுச் சாமானா, எனக்கு எரவல் தர்றதுக்கு?"

என் மனைவி இடையில் புகுந்து அவனுக்கு இன்னும் இரண்டு வடை வைத்தாள். எல்லாச் சனிக்கிழமையும் அவன் ஆட்டத்துக்குப் பருப்பு வடை சுட்டுத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புகிறவள் அவள். என் அணிக்கு இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சுட்டிருக்கிறாள். அதுவும் மழை வந்து ஆட்டம் நின்ற நாளில்.

அந்த வருஷக் கோடையில் நாங்கள் ஒரு ஆட்டத்தை ஆள் போதாமல் விட்டுக்கொடுத்திருந்தோம். இன்னொன்றை விட்டால் லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று செயலாளர் சொல்லிவிட்டார். அடுத்த ஆட்டம் ஞாயிறு மதியம். பார்த்தால் அதே நேரத்தில் தன்லியினில் மைத்துனனின் அரையிறுதி. எட்டுப் பேரும் எந்தப் பக்கம் போவார்கள் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.

அப்போது அம்மன் கோயிலில் கொடியேறியது. தீமிதிக்கு எட்டுப் பேரும் காப்புக் கட்டிக்கொண்டார்கள். மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. எங்களுக்கு எல்லை என்பது ஆறு. பாலத்தின் மேல் பஸ்ஸில் போனாலும் தாண்டியதுதான். ஆக, தன்லியின் கிடையாது, அரையிறுதி கிடையாது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மனே நேராக இறங்கிவந்து என் அணியில் சேர்ந்துகொண்டதாக நினைத்தேன். கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். பிராகாரத்தில் மைத்துனனைப் பார்த்தபோது, "ஆனாதே மாப்ளே," என்று நானும் சொன்னேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஞாயிறு மதியம் மைதானத்துக்கு எட்டுப் பேரும் சொன்னபடி வந்தார்கள். மஞ்சள் கயிறு, நெற்றியில் திருநீறு, தேய்ந்துபோன என் சட்டை. கால்தான் வெறுங்கால்.

"ஷூ எங்கடா?"

"மாமா, காப்பு கட்டிருக்கோம்ல. செருப்புகூடப் போடக் கூடாதே," என்றான் எனக்கு இடது பக்கம் ஆடுகிறவன், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

ஆற்றை நினைத்தேனே தவிரக் காலை நினைக்கவில்லை. பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் பார்க்கிற விரதம். நானே மூன்று முறை தீ மிதித்திருக்கிறேன். பொறாமைக்காரனுக்கு எவ்வளவு குறுகலாகக் கண் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நடுவர் பர்மியர். நல்ல மனிதர்தான். "சயா, இன்றைக்கு மட்டும்," என்று ஐயா போட்டுப் பர்மியில் கெஞ்சினேன். கயிற்றைக் காட்டினேன், விரதத்தை விளக்கினேன். அவர் கயிற்றைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு எதிரணியின் ஆணி வைத்த பூட்ஸைக் காட்டினார். மிதித்தால் விரல் போய்விடும், விடமாட்டேன் என்றார். மிச்சம் ஐந்து பேர் பூட்ஸோடு நின்றார்கள். ஏழு பேராவது இல்லாமல் ஆட்டம் தொடங்க முடியாது.

செயலாளர் குடையோடு பக்கத்தில் வந்தார். "அக்கோ," என்று பர்மியில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "உங்களிடம் ஐந்து பேர் இருக்கிறார்கள். அது வேறு விளையாட்டுக்குத்தான் சரியாக வரும்," என்றார். கிண்டலாகச் சொன்னாரா என்று அவர் முகத்தில் தேடினேன், அப்படித் தெரியவில்லை. அதுதான் இன்னும் உறைத்தது. சாயங்காலம் லீக் குழு கூடி முடிவு செய்யும், அதற்குள் ஷூ போடக்கூடிய ஆட்களைக் காட்டினால் இந்த ஒரு முறை பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். யார் யாரைப் பிடிக்கலாம் என்று அங்கேயே யோசிக்க ஆரம்பித்தேன். லத்தா வட்டாரத்து மொத்தக் கடையில் இரண்டு பேர், கிடங்கில் ஒருவன்.

திரும்பிப் பார்த்தால் எட்டுப் பேரும் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆரஞ்சு.

"எங்கடா?"

"அரையிறுதி மாமா. அக்கரையில இல்ல, இங்கதான். நம்ம கிடங்கு பின்னாடி சிமெண்டுத் தரையில. அஞ்சு மணிக்கு மாத்திட்டாங்க."

மைத்துனன் பூசாரியிடம் கேட்டிருக்கிறான். ஆடலாம், காலில் எதுவும் போடக் கூடாது, அவ்வளவுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு தன்லியின்காரர்களிடம் பேசி, ஆட்டத்தையே ஆற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டான். எதிரணியும் ஷூவைக் கழற்றிவிட்டு ஆடச் சம்மதித்துவிட்டது. எட்டுப் பேரின் விரதத்துக்காக எதிரணி வெறுங்காலில் நிற்கிறது! இது எனக்கு ஏன் தோன்றவில்லை? இப்போது எழுதும்போதுகூட அந்தக் கேள்வியில் காரம் குறையவில்லை.

போகக் கூடாது என்று நினைத்தேன். போனேன். கிடங்கின் பின்சுவர்வரை கூட்டம். கோயில் கூட்டம் மொத்தமும் அங்கேதான். தன்லியினிலிருந்து இரண்டு பஸ். தமிழே பேசத் தெரியாத எங்கள் கலப்புக் குடும்பங்கள் பர்மியில் கத்திக்கொண்டிருந்தன. என் மனைவி தூக்குவாளியோடு முன்வரிசையில். தரை சூடாயிருக்கிறதென்று பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஈரத்தில் என் பையன்கள் ஆடிய ஆட்டத்தை என் மைதானத்தில் ஒரு நாளும் ஆடியதில்லை. இடது பக்கக்காரன் குதிகாலால் பின்னுக்குத் தட்டி ஒரு கோல் போட்டான். அந்தக் குதிகால் தட்டு நான் சொல்லிக்கொடுத்தது. பக்கத்தில் நின்றவரிடம் அதைச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

நான்குக்கு இரண்டில் ஜெயித்தார்கள். எல்லோரும் உள்ளே ஓடினார்கள், நான் நின்ற இடத்தில் நின்றேன். தன்லியின் பையன் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து, வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்காகத் தமிழில் நேரலை செய்துகொண்டிருந்தான். பினாங்கில் இருக்கும் என் பழைய கோல் கீப்பர் இதயம் இதயமாக அனுப்புகிறான் என்று உரக்கப் படித்தான். என் ஆட்டத்துக்கு அவன் ஒரு கட்டைவிரல்கூட அனுப்பியதில்லை.

இடது பக்கக்காரன் வியர்வையோடு வந்து என் தோளில் கை போட்டு, என்னைப் போனுக்கு நேராகத் திருப்பினான். உண்மையான பாசம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"இது யாருன்னு தெரியுதா? நம்ம மாமா!" என்றான். "முன்னாடி டீம் வச்சிருந்தாரு."

லீக் குழு இன்னும் கூடவே இல்லை. லத்தாவில் இரண்டு பேர், கிடங்கில் ஒருவன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் போன் மைத்துனன் பக்கம் திரும்பிவிட்டது.