அவர் யாரிடம் அதிகம் பேசுகிறார்

மருத்துவமனைகளுக்குப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்கு முகத்துக்கு நேரே அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மணிக்கூண்டு. பட்டப்பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. காலை நாலரைக்கு ஜெபத்துக்கு முழங்கால் போடுவாள். ஐந்து மணிக்கு பைபிளில் மூன்று அதிகாரம் வாசிப்பு. ஐந்தரைக்கு நோட்டுப் புத்தகம். அதில் நாற்பத்து மூன்று பேர் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு அரை நிமிடம் ஜெபம். ஆறு மணிக்கு ஆமென். ஆமெனுக்கும் அடுப்பைப் பற்ற வைப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளி கிடையாது. இருபத்தேழு வருடமாக இப்படித்தான். மகளைப் பெற்ற மறுநாள் காலையிலும் நாலரைக்கு எழுந்து உட்கார்ந்து நர்ஸிடம் திட்டு வாங்கியவள் அவள். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவர், தனக்கு அலாரம் வாங்கும் செலவு மிச்சம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவார்.

இதனால் வேலை இடத்தில் அவளுக்கு ஒரு தனி மரியாதை. யாருக்காவது பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் சண்டை, மூட்டு வலி என்றால், "கொஞ்சம் நோட்டுல போட்டுக்குங்கக்கா" என்று வந்து நிற்பார்கள். கர்த்தரை நம்புகிறவர்கள் மட்டுமல்ல, அவர் பெயரைச் சொன்னாலே கொட்டாவி விடுகிறவர்களும் வருவார்கள். நோட்டில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிற தோரணையில் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் அவள் தலையாட்டுவாள். அந்த ஒரு கணம் அவளுக்கு மிகவும் பிடிக்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, கர்த்தரிடமும் சொன்னதில்லை.

அவள் வேலை ரோலர் மெஷினில். ஆள் உயரத்தில், அறையை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நிற்கும் மெஷின் அது. ஈரம் காயாத விரிப்பை இந்தப் பக்கம் ஒருத்தி விரித்து உள்ளே விடவேண்டும். சுடுகிற உருளைகள் அதை இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் மொடமொடவென்று துப்பும். அங்கே நிற்பவள் வாங்கி மடிக்க வேண்டும். மெஷின் போடுகிற சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் எதிரில் இருப்பவளுக்குக் கேட்காது. வேகத்தைக் குறை, கிழிந்திருக்கிறது, சூப்பர்வைசர் வருகிறார் என்று எல்லாமே கைச்சாடைதான். நீராவிக்கு ஊடே ஒருத்தி முகம் மற்றவளுக்குத் தெரியும். அவ்வளவே.

எட்டு மாதத்துக்கு முன்னால் மெஷினின் அந்தப் பக்கத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். வந்த மூன்றாம் நாளே சாப்பாட்டு அறையில் அவள் சங்கதி வெளியே வந்துவிட்டது. டப்பாவைத் திறந்தவள், பக்கத்து நாற்காலியில் ஆள் இருப்பதுபோல, "இயேசப்பா, இன்னைக்கும் உப்பு கூடிப்போச்சு. மன்னிச்சுக்குங்க. இருந்தாலும் சாப்பாடு குடுத்தீங்களே, நன்றி" என்றாள். கண்ணை மூடவில்லை, தலையில் துணி போடவில்லை. எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பஸ் தாமதமானால் அவரிடம் சொல்வாள். பொத்தான் அறுந்தால் அவரிடம்தான் முறையிடுவாள். முணுமுணுப்பு என்று அவளுக்குப் பெயர் விழுந்தது. இரண்டே மாதத்தில், நோட்டைத் தேடி வந்த கால்கள் மெஷினைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக ஆரம்பித்தன.

மணிக்கூண்டுக்கு வயிறு எரிந்தது. பூசி மெழுகாமல் சொன்னால், அவளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஆட்கள் அந்தப் பக்கம் போனதைக்கூட ஒருமாதிரி முழுங்கிவிட்டாள். முழுங்க முடியாதது வேறொன்று. இயேசு தன்னைவிட அவளோடுதான் ஒட்டுதலாக இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நீராவிக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க அந்த உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. இருபத்தேழு வருடம் நேரம் தவறாமல் வாசலில் போய் நின்றவள் இன்னும் வாசலிலேயே நிற்கிறாள். நேற்று வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் போய்விட்டாள். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

ஒருநாள் மனசு பொறுக்காமல் கணவரிடம் சொல்லிவிட்டாள். அவர் அவளிடம்தான் பேசுகிறார் போலிருக்கிறது என்று தொடங்கினாள். மெக்கானிக் பதறிப்போய் யார் என்று கேட்டார். இயேசு என்றதும் அவருக்கு வந்த சிரிப்பில் கையிலிருந்த டம்ளர் தளும்பியது.

"இந்த வயசுல உனக்குச் சக்களத்திச் சண்டையா? அதுவும் அவருக்காகவா?"

அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அதற்கப்புறம் துப்பறியும் வேலையில் இறங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தேனொழுகும் குரலில், தினமும் எத்தனை அதிகாரம் வாசிக்கிறாய் என்று முணுமுணுப்பிடம் கேட்டாள். ஒருநாள் பாதி, சில நாள் அதுவும் இல்லை, பிள்ளைகளைக் கிளப்பவே நேரம் சரியாக இருக்கிறது என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். மணிக்கூண்டுக்கு அன்று சாயங்காலம் வரை காலே தரையில் படவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் யோசனை வேறு மாதிரி திரும்பியது. பாதி அதிகாரத்துக்கே இவ்வளவு செல்லம் என்றால், நான் வாசித்த அத்தனை அதிகாரமும் எந்தக் கணக்கில் போயிற்று?

மறுநாள் மெஷின் ஓடத் தொடங்கியதும் அவள் வாயும் ஓடத் தொடங்கியது. யாருக்கும் கேட்காது என்ற தைரியம். பாதி அதிகாரமாம், கேட்டீர்களா என்று கர்த்தரிடம் ஆரம்பித்தாள். விரிப்புக்கு ஒரு புகார். அவள் தாமதமாக வந்தது, மடிப்பு கோணலாக இருந்தது, இருவரும் போகிற சபைக்குப் போன வாரம் வராதது, பாட்டை ராகம் தப்பிப் பாடியது எல்லாம் விரிப்போடு விரிப்பாக உள்ளே போயின. அவளைத் திட்டித் தீர்ந்த பிறகு கர்த்தரையே பிடித்துக்கொள்வாள். பழைய ஆளை மறந்துவிட்டீர்களா, எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவீர்கள் என்று இடித்துக் காட்டுவாள். இதையெல்லாம் அவள் ஜெபத்தில் சேர்க்கவில்லை. ஜெபம் என்பது நாலரையிலிருந்து ஆறு வரை. இது வெறும் வயிற்றெரிச்சல்.

இப்படியே ஐந்து மாதம் போயிற்று. ஒருநாள் வேன் டிரைவர், மனைவிக்கு வயிற்றில் கட்டி, வியாழக்கிழமை ஆபரேஷன் என்று கலங்கிய கண்ணோடு வந்தார். எட்டு வருடமாக நோட்டில் பதினோராவது ஆளாக இருப்பவர். அவர் மணிக்கூண்டைத் தாண்டிக்கொண்டு நேராக அந்தப் பக்கம் போனார். போகிற போக்கில் ஒரு தலையாட்டல் மட்டும் போட்டார். அந்தத் தலையாட்டல் அவளைச் சுட்டுவிட்டது.

யாரும் கேட்காமலேயே அவள் உபவாசம் இருந்தாள். மூன்று நாள், தண்ணீர் மட்டும். சூடான மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பது விளையாட்டில்லை. தலை சுற்றும்போதெல்லாம் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்டது ஒன்றுதான்: அந்த முணுமுணுப்பின் ஜெபத்துக்கு முன்னால் என் ஜெபத்துக்குப் பதில் கொடுங்கள், அது என்னால்தான் என்று எனக்காவது தெரிய வையுங்கள். அந்த மனைவியின் முகத்தை அவள் ஒருமுறைகூட நினைக்கவில்லை. அது அப்போது அவளுக்கு உறைக்கவும் இல்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டியும் பயப்படுகிற மாதிரியானது இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரைவர் பெரிய பிஸ்கட் பொட்டலத்தோடு சாப்பாட்டு அறைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் அதை முணுமுணுப்பின் கையில் வைத்தார். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, உண்மையைச் சொல்லிடறேன். நீங்க கேட்ட அன்னைக்கு ஒரு தடவை அவர்கிட்ட சொன்னேன். அப்புறம் சுத்தமா மறந்துட்டேன். வேற யாரோதான் உங்களுக்காக உட்கார்ந்து ஜெபம் பண்ணியிருக்காங்க."

டிரைவர் சிரித்துக்கொண்டே, யார் பண்ணினால் என்ன, நீ வாங்கிக்கொள் என்று பொட்டலத்தை அவள் மடியிலேயே போட்டுவிட்டுப் போனார். அவள் அதைப் பிரித்துச் சுற்றி அனுப்பினாள். மணிக்கூண்டின் கைக்கும் ஒன்று வந்தது. மூன்று நாள் பட்டினி கிடந்த வாயில் அது மண்ணாக இருந்தது. நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்ததை அவள் பிஸ்கட்டோடு சேர்த்து விழுங்கினாள். சொன்னால் கெஞ்சி வாங்கியதுபோல் ஆகிவிடும் என்ற கௌரவம்தான் தடுத்தது, தாழ்மை ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் ஓடியபோது அவள் கர்த்தரை ஒரு வழி பண்ணிவிட்டாள். மறந்துபோனவளுக்கு மாலை, பட்டினி கிடந்தவளுக்குப் பிஸ்கட்டா? அதுவும் ஒரே ஒரு பிஸ்கட்டா? கண்ணில் தண்ணீர் கொட்டியது. நீராவி என்று வைத்துக்கொள்ளலாம். குரல் ஏறிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து உள்ளே பெல்ட் படாரென்று அறுந்து மெஷின் நின்றது. சத்தம் நின்ற அறைக்குள் அவள் குரல் மட்டும் தனியாக ஓடியது.

"ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசினா என்ன உங்களுக்கு?"

முணுமுணுப்பு அந்தப் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தாள். பெல்ட் மாற்ற ஆள் வர ஒரு மணி நேரமாகும் என்று சூப்பர்வைசர் வந்து சொல்லி, காய்ந்து கிடந்த விரிப்புகளையாவது கையால் மடித்து வையுங்கள் என்றார். மெஷின் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளாமல் பெரிய விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, கிட்டே வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அப்புறம் விலக வேண்டும், மறுபடி கிட்டே வரவேண்டும். எட்டு மாதத்தில் முதல்முறையாக, வேலை செய்யும்போது அவர்கள் நடுவில் மெஷின் இல்லை.

நாலு விரிப்பு மடித்தார்கள். ஐந்தாவதில் முணுமுணுப்புதான் ஆரம்பித்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்களைப் பார்த்து எனக்கு ரொம்ப நாளா பொறாமை."

மணிக்கூண்டு கையிலிருந்த முனையை நழுவ விட்டாள். குனிந்து எடுத்துக்கொண்டு, யாருக்கு யார் மேல் என்று கேட்டாள்.

"எனக்குத்தான், உங்க மேல. அஞ்சு மாசமா பார்க்கிறேன், பெட்ஷீட் விட விட உங்க வாய் ஓயுறதே இல்ல. எட்டு மணி நேரமும் அவர்கிட்ட பேசிக்கிட்டே இருக்கீங்க. சில நாள் அழுறீங்க. எனக்கெல்லாம் ரெண்டு நிமிஷம் பேசினா அடுத்தது என்ன பேசன்னு தெரியாது."

உன் உதடும்தானே நாள் முழுக்க அசைகிறது என்று மணிக்கூண்டு கேட்டாள். கேட்கும்போதே குரலில் பழைய காந்தல் எட்டிப்பார்த்தது.

"அது பெட்ஷீட் எண்ணுறது அக்கா. நடுவுல விட்டா மறுபடி முதல்ல இருந்து எண்ணணும், சூப்பர்வைசர் தோலை உரிச்சிடுவாரு."

இத்தனை மாதமும் அவள் தூக்கத்தைக் கெடுத்த உதடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்றுப் பதின்மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கின்றன. மணிக்கூண்டுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருவரும் கிட்டே வந்தார்கள். முனைகள் சேர்ந்தன. முணுமுணுப்பின் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அதில் நடிப்பு இல்லை.

"அப்படி என்னக்கா பேசுவீங்க அவர்கிட்ட?"

இதற்கு நல்ல பதில் ஒன்று தயாராகவே இருந்தது. எல்லோருக்காகவும்தான் என்று சொல்லியிருக்கலாம். நோட்டைக் காட்டியிருக்கலாம். போன மரியாதை ஒரே வாக்கியத்தில் வட்டியோடு திரும்பி வந்திருக்கும். மணிக்கூண்டு வாயைத் திறந்தாள். ஆனால் பொய் சொல்லவேண்டிய ஆள் எதிரில் நிற்பவள் மட்டும் இல்லை. அந்த ஐந்து மாதமும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் இருக்கிறாரே.

"உன்னைப் பத்திதான்."

முணுமுணுப்பின் கண் சட்டென்று நிறைந்தது. "எனக்காகவா ஜெபம் பண்ணினீங்க?"

"உனக்காக இல்ல. உன் மேல புகார்." ஆரம்பித்துவிட்டதால் நிறுத்த முடியவில்லை. கோணல் மடிப்பு, பாதி அதிகாரம், மூன்று நாள் பட்டினி, பிஸ்கட் எல்லாவற்றையும் சொன்னாள். "அவருக்கு என்னைவிட உன்னைத்தான் பிடிக்குதுன்னு தோணிச்சு. தாங்க முடியல. தினமும் அவரோட சண்டை போட்டேன்."

விரிப்பு இருவர் கையிலும் அப்படியே தொங்கியது. முணுமுணுப்பு திட்டுவாள், இல்லை அழுவாள் என்று அவள் காத்திருந்தாள். அவளோ, பக்கத்து வீட்டுச் சண்டையில் பாதியைக் கேட்டவள் மீதியைக் கேட்பதுபோல, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள்.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

அந்தக் கேள்வி அவளுக்கு எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது என்று மணிக்கூண்டுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. பதில் தேடினாள். நாலரை மணிகளில் தேடினாள். மூன்று நாள் பட்டினியில் தேடினாள். ஐந்து மாத விரிப்புகளுக்கு நடுவே, ஒன்று உள்ளே போய் அடுத்தது எடுப்பதற்குள் எங்கேயாவது தான் வாயை மூடியிருக்கிறோமா என்று தேடினாள்.

"தெரியல," என்றாள். "நான் எங்க அவரைப் பேச விட்டேன்?"