இரண்டு மணிக் கூட்டம்

க்ளெண்டா சில்வேராவும் நானும் ஒரே டெப்போவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறோம். காலைச் சவாரி எட்டரைக்கு முடியும். மதியச் சவாரி ஒன்றரைக்குத்தான். நடுவில் நாங்களெல்லாம் ஓய்வறையில் சீட்டாடுவோம். நாற்பத்தேழாவது வயதில் க்ளெண்டா அந்த நேரத்தில் பக்கத்து ஊர் சமுதாயக் கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். அவளுக்குத் தோதான நேரத்தில் இருந்தது ஒரே வகுப்பு, அரசியல் அறிவியல்.

“ஏன்டி, செனட்டர் ஆகப் போறியா?” என்று கேட்டேன்.

“உன்கிட்ட சீட்டாடித் தோத்தது போதும்னு போறேன்.”

ஆசிரியை மிஸ் லோர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். உள்ளூரில் ஏதாவது பொதுக்கூட்டத்துக்குப் போய், நடந்ததை மூன்று பக்கம் எழுதிவரச் சொன்னார். பாதாம் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஊரில் அப்படிக் கூடுவது குடிநீர் வாரியம் மட்டும்தான். மாதத்தின் இரண்டாவது செவ்வாய், பிற்பகல் இரண்டு மணி. அன்று எனக்கு விடுப்பு என்பதால் அவளுடைய பேருந்தை நான் ஓட்டினேன்.

கூடத்தில் நாற்பது நாற்காலிகள். பார்வையாளர் அவள் ஒருத்தி. வாரியத்தில் மூன்று பேர். தலைவர் வெண்டல் க்ரௌஸ், பாதாம் தோட்டத்துக்குச் சொந்தக்காரர். க்ளெண்டாவின் தெருக் குழாயில் எட்டு மாதமாகப் பழுப்பு நீர் வந்துகொண்டிருந்தது. யாரும் புகார் சொல்லவில்லை என்று சொல்லி, குழாய் மாற்றும் வேலையை நான்கே நிமிடத்தில் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

“பொதுமக்கள் யாராவது பேசணுமா?” வெண்டல் தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

க்ளெண்டா எழுந்தாள்.

“வெண்டல், இந்த நேரத்துல எங்க தெருவே வேலையில இருக்கும். யாரு வந்து புகார் சொல்றது? கூட்டத்தை சாயங்காலம் ஆறு மணிக்கு வைங்க.”

“முப்பது வருஷமா ரெண்டு மணிக்குத்தான் கூடறோம், க்ளெண்டா. நேரம் சரியில்லைன்னு ஒருத்தரும் சொன்னதில்லையே.”

“சொல்றதுக்கும் ரெண்டு மணிக்குத்தானே வரணும்!”

உறுப்பினர் ஒருவர் சிரித்துவிட்டார். அவர் மட்டும் அவள் பக்கம் கை தூக்கினார். இரண்டுக்கு ஒன்று, கோரிக்கை தோற்றது.

மூன்று பக்கம் கேட்ட இடத்தில் ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதன் ஓரத்தில் மிஸ் லோர் ஒரு கேள்வி எழுதித் திருப்பினார்: “இவர்களைத் தேர்ந்தெடுத்தது யார்?”

க்ளெண்டா தேர்தல் அலுவலகத்துக்கே போய் விசாரித்தாள். வாரியத்துக்குப் பதினெட்டு வருஷமாகத் தேர்தலே நடக்கவில்லை. எதிர்த்து நிற்க ஆளில்லாததால் இருந்தவர்களே இருந்தார்கள். நவம்பரில் வெண்டலின் பதவிக்காலம் முடிகிறது என்று தெரிந்ததும், அங்கேயே வேட்புமனு வாங்கி நிரப்பினாள்.

அவள் கணவன் மேனிக்கு அது பிடிக்கவில்லை.

“வெண்டல் நல்ல மனுஷன். எங்கப்பா செத்தப்போ வீட்டுல எல்லாரும் சாப்பிட முழுசா ஒரு ஹாம், பன்னித்தொடைக் கறி, கொண்டுவந்து கொடுத்தாரு.”

“நல்லவருதான், நான் இல்லைன்னு சொல்லல. அந்தத் தண்ணியில காபி போட்டுத் தரவா?”

அதற்கப்புறம் மேனியே சனிக்கிழமைகளில் அவளோடு சேர்ந்து துண்டுச்சீட்டு விநியோகிக்கப் போனான். ஒரு வீட்டு நாய் அவனுடைய கால்சட்டையைக் கிழித்தது.

பத்தொன்பது வாக்கு வித்தியாசத்தில் க்ளெண்டா வெண்டலிடம் தோற்றாள். முடிவு வந்த அன்று டெப்போவில் நிறுத்தியிருந்த பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒன்றரை ஆனதும் முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

ஜனவரியில் வெண்டலே கூட்டத்தை ஆறு மணிக்கு மாற்றும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். மளிகைக் கடையில் அவளைப் பார்த்தபோது, “இத்தனை பேருக்கு என்மேல கோபம்னு எனக்குத் தெரியாது, க்ளெண்டா,” என்றாராம்.

“உங்கமேல இல்ல, தண்ணிமேல,” என்றாள் இவள்.

முதல் ஆறு மணிக் கூட்டத்துக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஏகப்பட்ட கூச்சல். வெண்டலின் காது சிவந்துபோனது. ஆனால் கோடை முடிவதற்குள் புதுக் குழாய் போட்டார்கள்.

க்ளெண்டாவுக்குப் பட்டம் வாங்க இன்னும் பதினொரு பாடம் பாக்கி. மறுபடி தேர்தலில் நிற்பாயா என்று போன வாரம் கேட்டேன்.

“இப்ப அதையெல்லாம் கேக்காத. புள்ளியியல் பாடம் கழுத்தை நெரிக்குது,” என்று சொல்லிவிட்டு, மடியில் இருந்த புத்தகத்தில் கோடு போட ஆரம்பித்தாள்.