வெயில் கேட்டுத் திட்டம் போட்டவர்

காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சண்முகவேல் சாரின் எண். வழக்கம்போல வாசலை எட்டிப் பார்த்துவிட்டு எடுத்து, "அடிக்கு சார், நல்லாவே அடிக்கு" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண்குரல். "யக்கா, நான் அவுக வீட்டுல இருந்து பேசுதேன். அவுக போயிட்டாக" என்றது. விடியும்போது நெஞ்சு அடைத்ததாம். விருதுநகரில் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் உயிர் இருந்ததாம். அவர் போனில் கடைசியாகப் பேசியிருந்த எண் என்னுடையது என்பதால் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டிருக்கிறார். சாவு விழுந்த வீட்டுக்கு, வெயில் நல்லாவே அடிக்கிறது என்று நான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பட்டாசுக் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எந்த ஆர்டர், எந்த அறையில், என்றைக்கு ஓடும் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுவதுதான் அவர் வேலை. மருந்து இடித்த பூச்சட்டி, சில ஊரில் புஸ்வாணம் என்பார்கள், வெயிலில் காய வேண்டும். வெயில் இல்லையென்றால் காயப்போடும் களம் சும்மா கிடக்கும், அதற்குப் பின்னால் உள்ள வேலையெல்லாம் தள்ளிப்போகும். அவர் இருந்தது விருதுநகரில். கம்பெனி இருப்பது எங்கள் ஊர் எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில். அதனால் பஸ் ஏறும் முன்னால் எனக்குப் போன் போடுவார். "யக்கா, அங்கன வெயில் அடிக்கா?"

"போன்லயே மழை வெயிலெல்லாம் காட்டுதாமே சார்" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது மதுரைக்குச் சொல்லுது. நீங்க நம்ம களத்துக்குச் சொல்லுவீக."

வந்த முதல் நாளிலேயே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. நான் பேக்கிங் ஹாலில் பெண்பிள்ளைகளை மேய்க்கிறவள். அவர் உள்ளே வந்து, "பாட்டி, இங்கன என்னென்ன வேலை நடக்கு?" என்றார். தலையில் பாதி நரை வைத்துக்கொண்டிருக்கிற மனிதர், என்னைப் பார்த்துப் பாட்டி என்கிறார். பேரன் பேத்தி எடுத்தவள்தான் நான், இல்லையென்று சொல்லவில்லை. அப்படி அந்தப் பிள்ளைகள் கூப்பிடட்டும். "ஆருக்குப் பாட்டி? ஒங்க தலையை மொதல்ல கண்ணாடியில பாத்துட்டு வாங்க" என்றேன். ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றிலிருந்து யக்காதான். இருந்தாலும் அந்தப் பாட்டியை நான் மறந்ததில்லை.

ஒரு சரக்கு எந்த வேலையில் தொடங்கி எந்தெந்த அறைக்குப் போகிறது, அங்கே எத்தனை ஆள், எம்புட்டு நேரம் என்று வரிசையாகச் சாப்ட்வேருக்குள் ஏற்றி வைக்க வேண்டுமாம். அதற்கு ரூட்டிங் என்று பெயர். அது சரியாக இருந்தால்தான் கம்ப்யூட்டர் சொல்லும் தேதி சரியாக இருக்கும். அதற்காக அவர் அறை அறையாக நடந்தார். நாங்கள் ஒரு வேலையைச் சொல்லி முடிக்கும் முன்னால், "அதுக்குப் பொறவு?" என்பார். பெட்டி ஒட்டுவோம் என்றால், "பசை எங்கிருந்து வரும்? ஆரு கிண்டுவா?" என்பார். பெண்பார்க்க வந்த மாமியார்கூட இம்புட்டுக் கேள்வி கேட்க மாட்டாள் என்று மாரியம்மாள் சொன்னாள். மாரியம்மாள் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. அவள் கையும் வேகம், வாயும் வேகம்.

ஒரு பெட்டி ஒட்ட எம்புட்டு நேரம் ஆகிறது என்று குறிக்க அவர் வந்த அன்று நாங்கள் பேசிவைத்துக்கொண்டு மெதுவாக ஒட்டினோம். அந்த நேரத்தை ஏற்றிவிட்டால் பிறகு நிம்மதியாக இருக்கலாம் அல்லவா. கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன யக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரக முன்னாடி பலகாரம் எடுத்து வைக்கிற மாதிரி ஒட்டுதீக? சரி, நான் போயிட்டு வாறேன். சன்னல் வழியா பாத்து எழுதிக்கிடுதேன்" என்றார். மாரியம்மாளுக்கு அடக்க முடியவில்லை, பசைக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அவர் மாரியம்மாளின் வேகத்தை ஏற்றவில்லை. சின்ன முதலாளி அதைத்தான் ஏற்றச் சொன்னாராம். "ஒரு வேகமான கையை எழுதி வச்சா மத்த கையெல்லாம் செத்துப்போகும் தம்பி" என்று இவர் சொல்லிவிட்டாராம்.

அறைக்கு அறை நடப்பதைக்கூட ஒரு வேலையாக ஏற்றினார். பட்டாசுக் கம்பெனியில் அறைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். "நடக்கிறதும் வேலையா சார்?" என்று சிரித்தேன். "தலையில மருந்துத் தட்டை வச்சுக்கிட்டு ஆரும் ஓடக் கூடாதுல்ல யக்கா. நடக்கணும்னா நேரம் குடுக்கணும்" என்றார். களத்தில் காய்வதை ஒரு வேலையாகவும், காய்ந்த தட்டு நிழலில் சூடு ஆறுவதைத் தனி வேலையாகவும் ஏற்றினார். ஈரத்தோடோ சூட்டோடோ மருந்துச் சரக்கை அடுக்கினால் உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றிக்கொள்ளும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்குச் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது என்பார்.

இனி நான் சொல்லப்போவது அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தைப் பற்றி. அஞ்சலியில் இதைச் சொல்லலாமா என்று என் மருமகள் கேட்டாள். சொல்லாவிட்டால் அது அவரைப் பற்றியதாக இருக்காது.

ஒரு தீபாவளிச் சீசனுக்கு வடக்கே இருந்து பூச்சட்டிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. கேட்ட தேதிக்கு முடியாது என்று சாப்ட்வேர் காட்டியது. சின்ன முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். முன் வேலை முழுதாக முடியும் முன்பே, முதல் தட்டு கைக்கு வந்ததும் அடுத்த வேலையைத் தொடங்கலாம் என்று சாப்ட்வேரில் ஒரு இடத்தில் டிக் போடலாமாம். பெட்டிக்கும் லேபிளுக்கும் சார் அப்படிப் போட்டிருந்தார். காய்கிற, ஆறுகிற வேலைக்குப் போடவில்லை. அங்கேயும் போட்டால், பாதி ஆறிய தட்டுகள் நேராக எங்கள் ஹாலுக்கு வந்து குவியும், தேதியும் சரியாக வந்துவிடும்.

அன்றைக்கு நான் ஆபீஸ் வாசலில்தான் நின்றேன். "ஒரு டிக்தானே சார்? கம்ப்யூட்டர்தானே?" என்றார் சின்ன முதலாளி.

"நான் இங்க டிக் போட்டா நாளைக்குக் காலையில அந்தத் தாள்தான் தம்பி ஹாலுக்குப் போகும். தாள்ல இருக்கிறதைத்தான் பிள்ளைக செய்வாக."

"அப்போ ஆர்டர் போகட்டுமா?"

"பாதியை எடுப்போம். மீதி போகட்டும்."

மீதி போயேவிட்டது, விஸ்வநத்தம் பக்கம் இன்னொரு கம்பெனிக்கு. எங்கள் ஹாலில் அந்தச் சீசன் ஓவர்டைம் இல்லை. மழைக்கு ஒழுகும் என் வீட்டுக் கூரையை அந்தக் காசில்தான் மாற்றுவதாக இருந்தேன். நேரே அவர் மேசைக்குப் போனேன்.

"நாங்க பாக்காத ஈரமா, நாங்க பாக்காத சூடா? ஒங்க கம்ப்யூட்டரு வாறதுக்கு முந்தியே பூச்சட்டி கட்டுனவுக நாங்க. எங்க சோத்துல மண்ணைப் போட ஒங்களுக்கு ஆரு அதிகாரம் குடுத்தா?"

அவர் எழுந்து நின்றார். "திட்டுங்க யக்கா. அந்த டிக்கை மட்டும் போடச் சொல்லாதீக" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. ஆனால் காலைப் போன் நிற்கவில்லை. "யக்கா, வெயில் அடிக்கா?" என்பார். "அடிக்கு" என்றோ "இல்ல" என்றோ ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அந்த ஒரு சொல்லுக்கும், "சரி யக்கா, வாறேன்" என்பார். பொங்கல் வரைக்கும் இப்படியே ஓடியது.

அந்த இன்னொரு கம்பெனியில் ஒன்றும் ஆகவில்லை. ஆர்டரை நல்லபடியாக முடித்து லோடு ஏற்றிவிட்டார்கள். அதைச் சொல்லிக் காட்டத்தான் மறுபடியும் அவரிடம் வாயைத் திறந்தேன். "பாத்தீகளா சார்? அங்கன ஒண்ணும் ஆகலையே" என்றேன்.

"ஆகக் கூடாதுன்னுதான் யக்கா நானும் வேண்டிக்கிட்டு இருந்தேன். தினமும் பயந்துக்கிட்டே இருந்தேன். அங்கன இருக்கிறதும் நம்ம பிள்ளைகதானே" என்றார்.

"டீ குடிச்சீகளா?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் கோபப்பட்டது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். கூரை என்னுடையது, ஒழுகியது என் தலையில். அவர் செய்ததும் சரிதான். இரண்டையும் வைத்துக்கொண்டே நாங்கள் அதற்குப் பிறகும் பேசிச் சிரித்தோம். அவர் வீட்டில் கருவாட்டுக்குழம்பு வைத்தால் ஒரு தூக்குச்சட்டியில் எனக்கும் வரும்.

காரியம் முடிந்த கையோடு அவர் இடத்துக்குப் புது ஆள் வந்திருக்கிறார். சின்ன முதலாளி அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஹாலுக்கு வந்தார். "பேச்சியக்கா, இந்தச் சீசன் மட்டும் ஆறப்போடுறதைக் கொஞ்சம் சுருக்கிக்கிடுவோம். சார் இருந்தா விட மாட்டாரு. நீங்க சரின்னா பிள்ளைக கேப்பாக" என்றார். ஹாலில் எல்லாக் கண்ணும் என்மேல். மாரியம்மாள் மகளுக்குத் தையில் கல்யாணம். சீசன் ஓவர்டைமைத்தான் அவள் நம்பியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

"ஆறாத தட்டு ஒண்ணு இந்த வாசப்படியைத் தாண்டுச்சுன்னா, நான் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளிய வேப்பமரத்தடியில போய் உக்காந்துருவேன் மொதலாளி. தட்டு ஆறுன பொறவு நாங்க உள்ள வாறோம்" என்றேன்.

"நீங்களும் ஆரம்பிச்சுட்டீகளா?" என்று அவர் போய்விட்டார். இந்த ஆர்டரிலும் பாதி வேறு பக்கம் போகிறது என்று பேச்சு.

சண்முகவேல் சாரிடமிருந்து நான் பொறுமையை எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு வராது. வேண்டியவர்கள் கோபித்தாலும் ஆறாத தட்டை உள்ளே விடாமல் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். செத்த மனுசன் இவளுக்குள்ள புகுந்துக்கிட்டாரு என்று மாரியம்மாள் என் காதுபடச் சொல்கிறாள். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவள் வேறு எப்படிப் பேசுவாள்? இன்றைக்கும் என் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.